ஏலத்தில் எடுக்காத கூடை

சைமன் இத்தாலியின் ஜெனோவாவில் ஒரு சிறிய உணவகத்தில் பல வருடம் சமையல் செய்தான். பிறகு ஊர் திரும்பி, திருத்தணி பைபாஸ் ரோட்டில் இத்தாலிய ஓட்டல் திறந்தான்.

ஜெனோவாவிலிருந்து போனில் பேசும்போதெல்லாம் அக்கா புருஷன் சுந்தர்சிங்கிடம் ஒன்றைச் சொல்வான். காலையில் பறித்த தக்காளி மதியம் சட்டியில் இருக்கும், அவர்கள் சமையல் அவ்வளவுதான். டப்பாவில் அடைத்த தக்காளியைப் பனிக்காலத்தில் மட்டும், வேறு வழியில்லாமல் திறப்பார்கள். சுந்தர்சிங் அதை மனதில் வைத்திருந்தார். ஓட்டலுக்குச் சுவர் எழும்பும்போதே, கே.ஜி.கண்டிகையில் வேர்க்கடலை போடும் நிலத்தில் நாட்டுத் தக்காளி நட்டார்.

ஆரம்பத்தில் சைமன் அதைத்தான் வாங்கினான். சாப்பிட வந்தவர்கள் பெரும்பாலும் மலையிறங்கி வரும் சென்னைக்காரர்கள். சாமி கும்பிட்டு வந்தோம், பூண்டு வேண்டாம் என்றார்கள். எடுத்துவிட்டான். ஒருவர் தட்டைத் தள்ளி வைத்து, இது வீட்டுத் தொக்கு மாதிரி இருக்கிறது, ஒரிஜினல் கிடையாதா என்று கேட்டார். அந்த வாரமே இத்தாலி டப்பாக்கள் வந்தன. வாசல் கண்ணாடி அலமாரியில் அடுக்கினான். கூட்டம் ஏறியது.

பாவா சுந்தர்சிங்கிடம் தக்காளி இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னான்.

"பூண்ட எடுத்துட்ட. அது இன்னும் இத்தாலிதான். என் தக்காளி மட்டும் கண்டிகையாடா?" என்று சுந்தர்சிங் கேட்டார்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பழத்தை மார்க்கெட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்.

சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் விளைச்சலைப் பீடத்தின் முன் வைத்து ஜெபித்த பிறகு, கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். ஒருவர் கூடைக்கு அவர் சொந்தக்காரர்தான் முதலில் குரல் கொடுக்க வேண்டும். இது சபை வழக்கம். கேட்காமல் விடுவது, அந்த வீட்டோடு உறவில்லை என்று சொல்வதற்குச் சமம்.

ஏலம் விட்ட சபைப் பெரியவர் இவான், சுந்தர்சிங்கின் தக்காளிக் கூடையைத் தூக்கிக் காட்டினார்.

"இத்தாலிக்குப் போற சரக்கு. ஓட்டல்காரர் வாயத் தெறக்கட்டும்."

எல்லோரும் சைமனைப் பார்த்தார்கள். அவன் கடைக்கு வழக்கமாக வரும் இரண்டு குடும்பங்கள் பக்கத்தில் நின்றன. எடுத்தால், உள்ளே இந்தத் தக்காளிதான் போடுகிறான் என்று பேச்சு கிளம்பும்.

"இது சாம்பாருக்கு ஆகும்ணா. இத்தாலிக்கு ஆகாது," என்றான்.

கூட்டம் சிரித்தது. சுந்தர்சிங்கும் சிரித்தார். அக்கா டெபோரா குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். கூடையை யாரோ எடுத்துப் போனார்கள்.

அதன் பிறகு கோயிலில் அக்காவையும் பாவாவையும் காணவில்லை. திருத்தணியில் வேறு சபைக்குப் போவதாகச் சொன்னார்கள். சைமனுக்கு ஓட்டலில் வேலை இருந்தது.

சித்திரையில் ஒரு மதியம், கூட்டம் ஓய்ந்த பின் தான் செய்த பாஸ்தாவைச் சாப்பிட உட்கார்ந்தான். ஜெனோவாவில் பனிக்காலத்தில் இருக்கும் அதே டப்பா ருசி. வெளியே ரோடு வெயிலில் நெளிந்தது. தட்டை மூடி வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

கண்டிகையில் தக்காளி நிலம் முழுக்கக் கரும்பு நின்றது. சுந்தர்சிங் மடை திருப்பிக்கொண்டிருந்தார். சைமன் பேச வந்ததைச் சொன்னான். டப்பாவை நிறுத்தப் போகிறான். பாவா மறுபடி தக்காளி நட வேண்டும். என்ன விளைந்தாலும் அவனே எடுத்துக்கொள்வான்.

"கரும்பு வச்சிட்டேனே. வெட்டுனா மறுபடி தழையும். இன்னும் ரெண்டு வருஷம் நிலத்துல கை வைக்க முடியாது."

"அன்னிக்கி நான் வெளையாட்டாதான் சொன்னேன், பாவா."

சுந்தர்சிங் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார்.

"வூட்ல வந்து சொல்லியிருந்தா நானும் சேந்து சிரிச்சிருப்பேன் சைமா. அந்தக் கூடை ஆண்டவருக்கு வச்சது."

மடையில் இன்னொரு வெட்டு மண்ணை அள்ளிப் போட்டார். பிறகு அவர் சாப்டியா என்று கேட்டார். ஆங் என்றான் சைமன். அவர் மறுபடி கேட்கவில்லை.

வாய்க்கால் ஓரம் சில தக்காளிச் செடிகள் தானாக முளைத்திருந்தன. டெபோரா வந்து, குழம்புக்கு வேண்டிய பழங்களைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டாள். தம்பியைப் பார்த்து, எப்ப வந்த என்று கேட்டாள். இப்பதான் என்றான். செடியில் இன்னும் பழம் இருந்தது. அவள் எடுத்துக்கோ என்று சொல்வாள் என்று நின்றான். அவள் வீட்டுப் பக்கம் நடந்தாள்.