குழந்தை ஓடுகிற பக்கம்

அக்காவுக்கும் வலிப்பு, தம்பிக்கும் வலிப்பு. ஆனால் முகம் மறக்கிற வியாதி தம்பியின் பங்குக்குத்தான் போயிற்று என்று அக்கா நம்பினாள். பஸ்ஸில் சொந்த மாமனாரையே யாரோ என்று நினைத்து, இடம் தராமல் உட்கார்ந்து வந்தவன் அவன். அதைச் சொல்லிச் சொல்லி வீடே சிரிக்கும்.

போதாததற்கு டாக்டரம்மா வேறு சொல்லிவிட்டார். "இந்த நோயில முகம் மறக்கிறது ஆம்பளைங்களுக்குக் கொஞ்சம் அதிகம்னு சில ஆய்வுல சொல்றாங்க. அது பொதுவான பேச்சு. உங்களுக்கு எப்படின்னு தனியா டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்."

முதல் பாதியை மட்டும் அக்கா முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். டெஸ்டுக்குப் போகவே இல்லை.

அவளுக்கு வேலை குழந்தைகள் காப்பகத்தின் வாசலில். சாயங்காலம் தெரிந்த முகம் வந்தால்தான் பிள்ளையை அனுப்ப வேண்டும். கொஞ்ச காலமாக எல்லா முகமும் அவளுக்குப் புதிதாகவே இருந்தது. வெளியே சொன்னால் தம்பிக்குப் போன மாதிரி வேலை போய்விடும். ஆகவே வருகிறவரைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்தாள். குழந்தை யாரிடம் ஓடுகிறதோ, அவர்தான் சொந்தம். என்ன கெட்டிக்காரத்தனம் பாருங்கள்! மாதக்கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

அன்று சிவப்பு கவுன் குட்டி வாசலைப் பார்த்ததும் பிய்த்துக்கொண்டு ஓடினாள். அங்கே நின்ற ஆளின் கையில் ஒரு நாய்க்குட்டி. அக்கா சிரித்துக்கொண்டே பையை எடுத்து நீட்டினாள்.

சற்று நேரத்தில் குட்டியின் அம்மா வந்தாள்.

"இப்பத்தானேம்மா அவங்கப்பா கூட்டிட்டுப் போனாரு?"

"அவரு ஆபீஸ்ல இருக்காரே!"

அக்கா வாசலுக்கு ஓடிப் பார்த்தாள். தெருவில் ஆளும் இல்லை, நாய்க்குட்டியும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க ஆட்கள். சொந்தக்காரர் யாராவது அழைத்துப் போயிருக்கலாம் என்று, போலீஸ்காரர் அந்தக் குடும்பத்தின் போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். ஆபீஸ் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் பக்கத்தில் இருந்தவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "அக்கா, நிதானமா பாருங்க. நீங்க ஒருத்தர்தான் அவனப் பாத்தீங்க."

எல்லாம் ஒரே முகம். தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் இத்தனை நாள் வண்டவாளமும் தண்டவாளம் ஏறும். பயத்தில் ஒரு மீசைக்காரர் மேல் விரலை வைத்தாள்.

"இவருதான் சார். நல்லா ஞாபகமிருக்கு."

அவள் கையைப் பிடித்திருந்தவரின் பிடி தளர்ந்தது.

"அக்கா," என்றார் அவர், "அது நான்."