தேய்த்த போர்டு

பழைய கம்ப்யூட்டர்களை உடைத்துப் பிரிக்கிற கிடங்கில் அவனை எல்லாரும் உளி என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருஷமாக உளி பிடித்த கை. ஒரு மதர்போர்டு கைக்கு வந்தால் முதல் வேலை பிரஷ். பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்தால் தூசியும் பாசியும் போய்த் தங்க முலாம் பூசின இடமெல்லாம் பளிச்சென்று தெரியும். தெரிந்தால்தான் முதலாளி அதை முதல் தரத்தில் சேர்ப்பார். பிரஷ் போடாத போர்டைக் கொண்டுபோய் நீட்டினால், அதை அவன் காலடியிலேயே விட்டெறிவார். பிரஷ்ஷுக்கு அப்புறம்தான் உளி, குறடு, அமிலத் தொட்டி எல்லாம். ஒரு நாளைக்கு நூறு போர்டு. எதிலே தங்கம் அதிகம், எதிலே செம்பு அதிகம் என்று கண்ணை மூடிக்கொண்டு எடையைப் பார்த்தே சொல்லிவிடுவான். ஆனால் ஒன்றைக்கூட அவன் உயிரோடு பார்த்ததில்லை.

அவனுக்கு ஒரு மகள். பன்னிரண்டு வயது. அவளுடைய அம்மா இவனை விட்டுப் போய் ஏழு வருஷம், வேறொருவரைக் கட்டிக்கொண்டு நாலு வருஷம். கப்பல் கட்டுகிற ஊர் ஒன்றில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மகள் போனில் முகம் காட்டுவாள். அந்த ஒரு மணி நேரம்தான் இவனுக்கு வாரம். மற்ற ஆறு நாளும் அதற்கு முன்னாலும் பின்னாலும் கிடக்கிற சும்மா நாள்கள்.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன பேசுவது? ஸ்கூல் எப்படி, நல்லா இருக்கு. உடம்பு எப்படி, நல்லா இருக்கு. அதோடு சரக்கு தீர்ந்துவிடும். இவன் சுவரைப் பார்ப்பான், அவள் ஓரக்கண்ணால் வேறெதையோ பார்ப்பாள். போன வருஷம் ஒரு மணி நேரம் அரை மணி ஆயிற்று, இந்த வருஷம் கால் மணி ஆயிற்று. இவனும் கூலிக்காரன்தானே, வேலை நேரம் குறைகிறது என்றால் அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே சொன்னாள்.

"அப்பா, நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு கேம் ஆடறோம். ஒருத்தி ஊரை விட்டுப் போயிட்டா. நீங்க வர்றீங்களா?"

"நானா? அங்க எப்படி வர்றது?"

"வர வேணாம்ப்பா. உங்க வீட்டுல இருந்தே. கம்ப்யூட்டர் மட்டும் வேணும். உங்ககிட்டதான் அது குப்பை மாதிரி கிடக்குமே."

"கிடக்குது. எல்லாம் பிணம்."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவனுக்கு மூன்று நாள் காதில் ஓடிக்கொண்டிருந்தது. போட்டி ஒன்று வருகிறதாம், இரண்டு மாசம் இருக்கிறதாம், அதுவரைக்கும் அந்த நாலாவது இடத்தை யாருக்கும் தர மாட்டாளாம். வாரத்துக்கு மூன்று சாயங்காலம் பழக வேண்டுமாம். மூன்று சாயங்காலம் என்றதும் அவனுக்குக் காலே தரையில் பாவவில்லை.

கிடங்கிலிருந்து இரண்டு தெரு தள்ளி கம்ப்யூட்டர் கடை. நடத்துகிறவள் ஒரு அக்கா, மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவள். மகள் எழுதி அனுப்பின பட்டியலை அவளிடம் காட்டினான்.

"புள்ள தெளிவா எழுதியிருக்கு" என்றாள் அக்கா. "முதல்ல பிராசசர். என்கிட்ட ஒண்ணு இருக்கு, ஒரு கை பட்டது, நல்லா ஓடும். இனி போர்டுதான். இந்தச் சின்னதை எடுத்துக்கங்க. புதுசு. மூணு வருஷம் வாரண்டி."

அவன் அந்தப் போர்டைக் கையில் வாங்கினான். தூக்கிப் பார்த்தான், ஆட்டிப் பார்த்தான், முகம் சுளித்தான்.

"என்னக்கா, அப்பளம் மாதிரி இருக்கு."

"தம்பி, போர்டைத் தராசுல போட்டா வாங்குவாங்க?"

"நாங்க அப்படித்தான் வாங்குவோம்."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. பதினாறு வருஷத்தில் எடை குறைந்த போர்டு ஒன்றாவது நல்ல போர்டாக இருந்து அவன் பார்த்ததில்லை. மகளுக்காக வாங்குகிற சாமானில் போய் மூன்றாம் தரத்தை எப்படி எடுப்பான்? அதிலும் இதை வாங்கினால் கிராபிக்ஸ் கார்டுக்குக் கை கடிக்கும்.

அந்த வாரமே கிடங்குக்கு ஒரு லாரிச் சரக்கு வந்தது. படம் வரைகிற கம்பெனி ஒன்று இழுத்து மூடிவிட்டதாம், மேசையோடு நாற்காலியோடு எல்லாம் வந்து இறங்கியது. அதில் ஒரு பெட்டியைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். கனமான போர்டு. ராம் செருக நாலு இடம். ஓரமெல்லாம் அலுமினியக் கட்டி. பிராசசர் உட்கார்கிற சாக்கெட்டில் எழுதியிருந்த எண்ணைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற கண், அதனால் மூன்று தடவை பார்த்தான். அதே எண்.

முதலாளி பழைய இரும்பு விலைக்கே எடைபோட்டுக் கொடுத்தார்.

"என்னடா உளி, வீட்டுல தனியா கிடங்கு தொறக்கறியா?" என்றான் காந்தம். இரும்பு பொறுக்குகிறவன், எதிலும் வந்து ஒட்டிக்கொள்கிறவன்.

"என் பொண்ணோட ஆடப்போறேன்."

"நீ? எலிக்குட்டி மாதிரி இருக்கற மவுஸைப் பிடிச்சா உன் கைக்குள்ளேயே நசுங்கிடுமேடா."

"நசுங்கினா இன்னொண்ணு வாங்கிக்கறேன், போ."

கடைக்கார அக்கா பெரிய போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிராசசரைப் பொருத்தி, ராமைச் செருகி, திரையை மாட்டினாள். திரையில் வெள்ளை எழுத்து வந்து நின்றது. காற்றாடி சுற்றியது. உளிக்கு மயிர்க்கூச்செறிந்தது. செத்துக் கிடந்ததாக அவன் நினைத்த இனம் மூச்சுவிடுகிறது.

"அதிர்ஷ்டக்காரர்தான் நீங்க" என்றாள். "அருமையான போர்டு. அப்படியே பெட்டியில மாட்டித் தந்துடறேன், கூலி எல்லாம் வேணாம்."

"இல்லக்கா. எல்லாத்தையும் கழட்டிடுங்க."

"கழட்டவா? எதுக்கு?"

"முதல்ல இருந்து நான் மாட்டறதை என் பொண்ணு பாக்கணுமாம். போன்ல. அவ சொல்லச் சொல்ல நான் மாட்டணும்."

அக்கா எல்லாவற்றையும் கழற்றினாள். சாக்கெட்டுக்கு மூடி இல்லை. ஒரு அட்டையை வெட்டி மேலே வைத்து ஒட்டி, பார்த்து எடுத்துப்போங்கள் என்று கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒற்றை அறை, ஒற்றை ஜன்னல். மேசை என்று ஒன்று கிடையாது. கதவுப் பலகை ஒன்றை இரண்டு டின் மேல் போட்டிருந்தான். மேலே துணி விரித்து எல்லாவற்றையும் கல்யாணச் சீர் மாதிரி வரிசையாக எடுத்து வைத்தான். பத்தரைதான் ஆகியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் போர்டைப் பார்த்தான். மூலைமுடுக்கெல்லாம் அந்தக் கம்பெனியின் தூசி. மகள் பார்க்கப்போகிறாள். இப்படியா காட்டுவது?

வேலை செய்கிறவனுக்குக் கைதான் முன்னால் போகும், புத்தி பின்னாலேதான் வரும். என்ன பேசலாம், எப்படிச் சிரிக்கலாம் என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது கை அட்டையைப் பிய்த்துவிட்டது, பையிலிருந்த பிரஷ்ஷை எடுத்துவிட்டது. ஓரத்திலிருந்து ஆரம்பித்து நாலு இழுப்பு. நடுவிலே சாக்கெட். தங்கம் அதில்தான் அதிகம் என்பது அந்தக் கைக்குத் தெரியும். அதனால் அங்கே மட்டும் எட்டு இழுப்பு. பளபளவென்று வந்தது. முதல் தரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

பதினோரு மணிக்கு மகள் வந்தாள். தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னியிருந்தாள். போனை ஒரு செம்பில் சாய்த்து வைத்தான்.

"அப்பா, சூப்பரா பளபளன்னு இருக்கு!"

"பின்ன?"

பிராசசரை எப்படிப் பிடிக்க வேண்டும், எந்த மூலையில் முக்கோணக் குறி, எல்லாம் சொன்னாள். அவன் உட்கார வைத்தான். அதைப் பூட்டுகிற கம்பியை அழுத்தினான். நற என்று ஒரு சத்தம் வந்தது. "சத்தம் வரும், பயப்படாதீங்க" என்றாள். ராம், காற்றாடி, கார்டு. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. நாலு வருஷத்தில் இவ்வளவு நேரம் அவள் கண்ணெடுக்காமல் அவனைப் பார்த்ததில்லை. "பெரியவங்களே, திருகாணியைத் தலைகீழா வச்சிருக்கீங்க" என்று கிண்டல் பண்ணினாள். அவன் வேண்டுமென்றே இன்னொரு தடவை தலைகீழாக வைத்தான்.

பொத்தானை அமுக்கினான். காற்றாடி அரைச் சுற்று சுற்றி நின்றது. திரை கறுப்பு. இன்னொரு தடவை. கறுப்பு. லேசாகத் தீய்ந்த வாசனை வந்தது. அந்த வாசனை தெரியாதவனா அவன்? கிடங்கு முழுக்க அதுதானே.

"இருங்கப்பா, அங்கிளைக் கூப்பிடறேன்."

வேண்டாம் என்பதற்குள் அவள் அம்மாவைக் கட்டிக்கொண்ட மனிதர் வந்துவிட்டார். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே உட்கார்ந்தார். "சார், பிராசசரை எடுத்துட்டு சாக்கெட்டைக் கொஞ்சம் கிட்ட காட்டுங்க சார்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். காட்டினான். அவர் திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"பின் எல்லாம் படுத்துக் கிடக்கே சார். முடி மாதிரி இருக்கும் அதெல்லாம், விரல்கூடப் படக் கூடாது. யாராவது தேய்ச்சாங்களா?"

மகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரஷ் துணிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. முழங்கையால் அதைத் தள்ளினான்.

"கடையில அப்படியே குடுத்துட்டாங்க போல" என்றான்.

"பாத்தீங்களா அங்கிள்? அப்பாவை ஏமாத்திட்டாங்க." அவள் முகம் சிவந்துவிட்டது. "எந்தக் கடைப்பா? பேர் என்ன?"

சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவனுக்காக ஒருவர் கோபப்பட்டு வெகுகாலம் ஆயிற்று, அதில் மயங்கிச் சொல்லிவிட்டான்.

"நான் ஒரு போர்டு அனுப்பட்டுமா சார்?" என்றார் அந்த மனிதர். "என்கிட்ட சும்மாதான் இருக்கு."

"சரின்னு சொல்லுங்கப்பா."

"வேணாங்க. கடையில மாத்திக் குடுத்துடுவாங்க. அடுத்த ஞாயிறுக்குள்ள தயார் ஆயிடும்."

மறுநாள் வேலை முடிந்து நேராகக் கடைக்குப் போனான். அக்கா பூதக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். நிமிர்ந்தவள் போர்டைப் பற்றிப் பேசவில்லை. போனை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். நெட்டில் கடையின் பெயருக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள். அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். இந்தக் கடையில் என் அப்பாவை ஏமாற்றி உடைந்த போர்டைக் கொடுத்தார்கள், அவர் ரொம்ப நல்லவர், அவருக்கு ஒன்றும் தெரியாது, யாரும் இங்கே போகாதீர்கள். கீழே மகளின் பெயர்.

"உங்க கண்ணு முன்னாலதானே ஓட்டிக் காட்டினேன்" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "இன்னைக்கு ரெண்டு பேர் ஆர்டரைத் திருப்பி வாங்கிட்டாங்க."

"நான்தான்க்கா தேய்ச்சேன். பிரஷ் போட்டு."

"கம்பி பிரஷ்ஷா?"

தலையை ஆட்டினான். அவள் பிராசசரை வேறொரு போர்டில் போட்டுப் பார்த்தாள். அதுவும் போய்விட்டிருந்தது.

"ரெண்டும் போச்சு" என்றாள். "உங்களைத் திட்டி என்ன செய்யறது? புள்ள எழுதினதை மட்டும் எடுக்கச் சொல்லிடுங்க. இந்தக் கடையை வச்சுத்தான் நான் ஜீவிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாமல் வியாழக்கிழமை சாயங்காலமே கூப்பிட்டான். மகள் காதில் பெரிய ஹெட்போனோடு வந்தாள்.

"மாத்திக் குடுத்தாங்களாப்பா?"

"இல்லம்மா. கடைக்காரங்க மேல தப்பில்ல. நான்தான் தேய்ச்சுட்டேன். கிடங்குல எப்பவும் தேய்க்கிற பழக்கம். அன்னைக்கு உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். நீ எழுதினதை எடுத்துடு."

திரையில் அவள் கண் கீழே இறங்கி, விரல் இரண்டு மூன்று தடவை எதையோ தொட்டது.

"எடுத்துட்டேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்ப்பா. ஸ்கூல்லகூட" என்றாள்.

"தெரியாம செஞ்சுட்டேன்மா."

"தேய்ச்சது பரவாயில்லப்பா."

எது பரவாயில்லை என்பதைச் சொல்லிவிட்டாள். எது இல்லை என்பதை அவன் கேட்கவில்லை.

"வேற போர்டு பாக்கறேன். நாள் இருக்குல்ல?"

"போட்டிக்குப் பேரு இன்னைக்கே குடுக்கணும்னு சொல்லிட்டாங்க. அங்கிளைப் போட்டுட்டேன். பழகிட்டு இருக்கோம்." உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "ஒரு நிமிஷம்ப்பா, இருங்க. ஆரம்பிச்சிருச்சு."

போனை அவள் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும். திரை இருட்டாயிற்று. சத்தம் மட்டும் வந்தது. "இடது பக்கம், இடது பக்கம், ஐயோ அங்கிள், சொன்னதைக் கேக்கவே மாட்டீங்களா, என் பின்னாலயே வாங்க." எவ்வளவு வேகமாகப் பேசுகிறாள். எப்படி அதட்டுகிறாள். அவர் ஏதோ சொல்ல, இவள் மூச்சு முட்டச் சிரிக்கிறாள். இவள் இப்படியெல்லாம் பேசுவாள் என்று அவனுக்குத் தெரியாது.

ஒரு நிமிஷம் பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது ஆயிற்று. அவன் போனைக் காதோடு வைத்துக்கொண்டு கதவுப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். இருமல் வந்தது. அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று சட்டைக் கையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தான்.