கேமராவுக்குப் பின்னால் ஒரு மூச்சு

...இல்லை, இது அவர் மூச்சு இல்லை, மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன், பனிமலைச் சரிவு, யுத்தகாலத்தில் விழுந்த விமானத்தின் வால் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கேமரா மெல்ல இறங்கி அதைத் தொடுகிறது, பின்னாலிருந்து யாரோ வாயால் மூச்சு விடுகிறார்கள்... என் வீட்டுக்காரர் வாயால் மூச்சு விடமாட்டார், ஷாட் தொடங்கும்போது மூக்கால் இழுத்து அடக்கிக்கொள்வார், முடிந்ததும் லேசான விசிலோடு விடுவார், அவர் எடுத்த முதலை ஆவணப்படத்திலும் எரிமலைப் படத்திலும் அந்த விசிலைத் துடைத்துத் துடைத்தே நான் எடிட்டர் என்று பெயர் வாங்கினேன், கல்யாணமான புதிதில் தலையணைக்குப் பக்கத்தில் அதே விசிலைக் கேட்டு, இதை எங்கே வெட்டுவது என்று சிரித்திருக்கிறேன், இந்தக் காதை ஏமாற்ற முடியுமா என்ன? ஒருவேளை சளி பிடித்திருக்குமோ, அவ்வளவு உயரத்தில் மூக்கு அடைக்காதா, அடைக்கும்தான்... எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளும்போதே ஷாட்டின் கடைசியில் 'ச்சு' என்று நாக்கைத் தட்டும் சத்தம். ஒட்டகம். இரண்டாவது கேமராமேன், கழுத்து நீளம் என்பதால் வந்த பெயர், எடுத்தது பிடித்துப்போனால் அப்படித்தான் தட்டுவான்.

அடுத்த ஷாட்டிலும் ச்சு, அதற்கடுத்ததிலும், இந்த வாரம் வந்ததெல்லாம் ஒட்டகம் எடுத்தது, அப்படியானால் இவர் எங்கே, இன்னிக்கு வெளிச்சம் அருமைன்னு தினமும் போனில் சொல்வது யார், நாற்காலியில் உட்கார முடியவில்லை, எழுந்தால் இந்த அறையில் நடக்க இடமும் இல்லை. முதலாளி கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டுகிறார். "அந்த மூச்சுச் சத்தத்தை எடுத்துடும்மா. உன் வீட்டுக்காரர் இந்த தடவை பின்னிட்டார். அடுத்த படமும் அவருக்குத்தான்." தலையாட்டினேன், சிரித்தேனா என்றுகூடத் தெரியவில்லை, அவர் போனதும் முகாமுக்கு போன் போட்டேன், மணி அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுங்களேன், யாராவது எடுத்துத் தொலைங்களேன்...

அவரே எடுத்தார். அப்பாடா. உயிர் வந்த கையோடு கோபமும் வந்துவிட்டது.

"இதெல்லாம் நீங்க எடுக்கலை."

"பனியிலேருந்து ஒரு பூட்ஸ் வெளிய தெரிஞ்சுது," என்றார். "வெறும் பூட்ஸுன்னு கிட்டப் போய் ஷாட் எடுத்தேன். கால் உள்ளயே இருந்தது. அன்னிலேருந்து கேமராவைத் தூக்கினாலே கை நடுங்குது. ஒட்டகம்தான், நான் எடுக்கறேன், உங்க பேர்லயே போகட்டும்ணேன்னு சொல்லிட்டான்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொல்லத்தான் அன்னிக்குக் கூப்பிட்டேன். நீ வாயத் திறக்க விட்டாத்தானே. அந்த வால் ஷாட், இத்தனை வருஷத்துல நீங்க எடுத்ததுலயே இதுதான் பெஸ்டுன்னுட்ட."

ஆமாம், சொன்னேன், சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் முதலில் பார்ப்பது என் பழக்கம், காது இருந்தால் கண் மந்தமாகிவிடும் என்று எல்லோருக்கும் பாடம் வேறு நடத்துவேன், அன்று இன்னும் என்னவெல்லாம் சொன்னேன், உங்களுக்கு இப்போதுதான் பொறுமை வந்திருக்கிறது என்றுகூடச் சொன்னேனே, பாவி, முதலையின் வாய்க்கு முன்னால் நின்ற மனுஷன், போனைப் பிடித்துக்கொண்டு அத்தனையையும் கேட்டிருக்கிறார். மூச்சைத் துடைக்க எனக்கு எவ்வளவு நேரமாகும், துடைத்தால் ஷாட் அவருடையதாகிவிடும், அடுத்த படமும் அவருடையதாகிவிடும், அந்தக் கையோடு எப்படிப் போவார், துடைக்காவிட்டால் முதலாளி கேட்பார், ஒட்டகத்துக்கு வரவேண்டிய பெயரை எந்த முகத்தோடு இவருக்கு...

"இப்பவும் அதுதான் பெஸ்டுன்னு தோணுதா?" என்று கேட்டார்.

சட்டென்று இல்லை என்றிருக்க வேண்டும், புருஷனாச்சேன்னு சும்மா சொன்னேன் என்று சிரித்திருக்கலாம், எத்தனை பேரிடம் எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன், எதிரே திரையில் அந்த வால் நின்றுகொண்டிருக்கிறது, ஒரு குறை, ஏதாவது ஒரு குறை, வெளிச்சத்தில், வேகத்தில், ஓரத்தில்... தேடிக்கொண்டே இருந்துவிட்டேன்.

"சரி விடு," என்றார். "சாப்பிட்டியா?"