ஷோகேஸ் விஸ்கி

சுவிஸின் ஓல்டன் நகரில் ஸ்ரீஸ்கந்தராஜா வீட்டு ஷோகேஸில் ஒரு ஜப்பான் விஸ்கிப் போத்தல் நின்றது. உள்ளே இருந்த அசல் சரக்கு முடிந்து நாலு வருசம். முடிந்தால் என்ன, போத்தலின் மரியாதை போய்விடுமா? மலிவுக் கடை விஸ்கியைப் புனல் வைத்து நிரப்பியிருந்தார் மனுசன். வந்தவர்கள் எல்லாரும் பார்த்து வாயைப் பிளந்துவிட்டுப் போனார்கள். ஊற்றித் தரச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

அன்று மகள் யதுஷாவைப் பெண் கேட்டு அவள் விரும்பிய பானுஜனின் தாய் தகப்பன் வர இருந்தார்கள்.

"அப்பா, அந்தப் போத்தலை உள்ளுக்கு வையுங்கோ. பானுஜன்ரை அப்பா சூரிச்சிலை ஜப்பான் ரெஸ்டோரண்ட் பாரிலை வேலை செய்யிறவர்," என்று காலையிலிருந்தே யதுஷா கெஞ்சினாள்.

"சும்மா இரு பிள்ளை. அவர் என்ன நக்கியே பாக்கப்போறார்?"

வந்து உட்கார்ந்ததும் பானுஜனின் தகப்பன் பாலேந்திரனின் கண் நேரே ஷோகேஸுக்குத்தான் போனது. "அட, அண்ணை! இது உங்களிட்டையும் இருக்கோ!" என்று எழும்பியேவிட்டார். முதலாளி ஒருமுறை அவரை ஜப்பானுக்கு விஸ்கி வடிசாலை பார்க்கக் கூட்டிப்போனாராம்.

"எல்லாரும் மோல்ட், மோல்ட் எண்டு பார்லி விஸ்கிக்குத் துள்ளுவினம். இதுக்குள்ளை பாதிக்கு மேலை சோளத்து விஸ்கி அண்ணை. சோளத்தை அவிச்சு, முளைகட்டின பார்லி கொஞ்சம் சேர்த்துப் புளிக்க வைச்சு, நெட்டைக் கோபுரம் மாதிரி ஒண்டிலை விடாமல் வடிப்பினம். மோல்டுகள் ஒவ்வொண்டும் தன்ரை பக்கம் இழுக்கும். சோளம்தான் அதுகளை ஒண்டாக்கிறது. கடைசியா வாயிலை ஒரு தேன் இனிப்பு நிக்கும், அதுதான் சோளம். ஒரு சொட்டு ஊத்துங்கோவன், நல்ல காரியம் கதைக்கிற நாள்."

ஸ்ரீஸ்கந்தராஜா வேறு வழியில்லாமல் போத்தலை எடுத்தார். ஊற்றினார். யதுஷா நிலத்தைப் பார்த்தாள்.

பாலேந்திரன் மணந்தார். ஒரு வாய் குடித்தார். பிறகு தலையை நிமிர்த்தி இவரைப் பார்த்தார். பிடிபட்டாச்சு! ஐயோ, நிலம் பிளந்து விழுங்காதா என்றிருந்தது இவருக்கு.

"என்னப்பா, சொன்ன தேன் இருக்கோ?" என்று அவர் மனைவி இந்திரா கேட்டாள்.

"ஓம் ஓம், அதேதான். அருமை," என்றார் பாலேந்திரன். கிளாஸை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கலியாண மண்டபத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

சம்பந்தம் ஒப்பேறியது. நாள்கூடக் குறித்தார்கள். வாசலில் கைகொடுத்தபோது அந்த மனுசனின் முகத்தைப் பார்க்க இவரால் முடியவில்லை.

கதவைச் சாத்தியதும் போத்தலைக் கொண்டுபோய் சிங்கில் கவிழ்த்தார். யதுஷா பின்னால் வந்து நின்றாள். கத்துவாள் என்று காத்திருந்தார். கத்தியிருந்தால் எவ்வளவோ நல்லது.

"நான் அந்த வீட்டுக்குப் போக முதலே மாமா எனக்காகப் பொய் சொல்லவேண்டி வந்திட்டுது, அப்பா," என்றாள்.