அவள் சாக மாட்டாள்

கொரிய நாடகக் கதாநாயகிகளை வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கொரு குட்டு வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொன்னால் இரண்டாவது எபிசோடிலேயே கதை சுபம். சொல்ல மாட்டார்கள். மழையில் நனைவார்கள், பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து கண்ணைக் கசக்குவார்கள், போனை எடுத்து எடுத்துக் கீழே வைப்பார்கள். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று நான் டிவியைப் பார்த்துக் கேட்டால், என் வீட்டுக்காரர் தலையைக்கூடத் திருப்பாமல் கடலையை உரித்து என் பக்கம் தள்ளிவைப்பார்.

நாயகனின் அம்மாக்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர்களாவது காபிக் கடைக்கு வரச்சொல்லி, பணக் கவரை நீட்டி, என் பையனை விட்டுவிடு என்று நேராகப் பேசுகிறார்கள். எனக்கு ஆகாதவன் கதை எழுதுகிறவன்தான். குடை பிடித்து, காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கிவந்து, கூடவே நிற்கிற இரண்டாவது நாயகனைக் கடைசியில் பெட்டியும் கையுமாக ஏர்போர்ட்டில் நிறுத்திவிடுவான். மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போகிற முசுடுக்குத்தான் அவன் பெண்ணைக் கொடுப்பான். இதைப் பற்றி நான் ஒரு எபிசோடு நீளத்துக்குப் பேசுவேன்.

எனக்கு வேலை ஒரு பல் ஆஸ்பத்திரியில். முன்மேசையில் உட்கார்ந்து ஆட்களைக் கூப்பிட்டு உள்ளே அனுப்ப வேண்டும். நாள் முழுக்கப் பயந்த முகங்களாகப் பார்ப்பதால், யார் என்ன ஆவார்கள் என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்று ஒரு மிதப்பு. வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துகிறவர். பேச்சு குறைவு. நாடகத்தைப் பற்றி அவருக்கு இருந்தது ஒரே ஒரு கருத்துதான். யாராவது ஒருத்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துவிட்டால் போதும், "இவ பொழைக்க மாட்டா" என்பார்.

எனக்குச் சுர்ரென்று ஏறும். "அதெல்லாம் சாக மாட்டா. எழுந்து வருவா, பாருங்க" என்பேன். அவரும் விட மாட்டார். டாக்டர் மூஞ்சியே சரியில்லை, பின்னணியில் பியானோ வேறு வாசிக்கிறான் என்று அடுக்குவார். கடைசியில் அவள் கலையாத தலையோடும் அழியாத உதட்டுச் சாயத்தோடும் எழுந்து உட்காருவாள். எனக்குத் தலைகால் புரியாது. அன்றைக்குப் பாத்திரம் கழுவுகிற வேலை தோற்றவருக்கு. ஒரு வருஷமாக நான் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

அது சாதாரண வருஷம் இல்லை. என் மார்பில் புற்றுக்கட்டி என்று சொல்லி அறுத்து எடுத்தார்கள். அப்புறம் ஊசி, முடி கொட்டியது, வாந்தி, மறுபடி குச்சி குச்சியாக முடி முளைத்தது. எல்லாம் முடிந்து, ஒன்றும் மிச்சமில்லையே என்று பார்க்கிற ஸ்கேன் அடுத்த வாரம். யாரிடமும் சொல்லாத கணக்கு ஒன்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நாடகத்தில் அவள் பிழைத்தால் நானும் பிழைப்பேன். ஒவ்வொருத்தியும் கட்டிலைவிட்டு எழும்போது எனக்கு ஒரு பிடி தைரியம் கூடும். படித்தவள் இப்படி யோசிக்கலாமா என்று கேட்டால், படிப்பு வேறு, பயம் வேறு.

அப்படி இருக்கும்போது என் மூக்குக்கண்ணாடியின் திருகு கழன்று விழுந்தது. மதியம் இடைவேளையில் அவர் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே பின்னறையைக் காட்டினார். உள்ளே லென்ஸ் தேய்க்கிற மெஷின் தண்ணீரைச் சிதறவிட்டபடி ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, லென்ஸ் டப்பாக்கள்மேல் போனைச் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் நாங்கள் ஆறாவது எபிசோடில் நிறுத்திவைத்திருந்த அதே நாடகம். போனில் கடைசி எபிசோடு. அங்கே கோமாவில் கிடந்தவள் இங்கே கடற்கரையில் நாயகனோடு நடந்துகொண்டிருந்தாள். இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

நான் சத்தம் போடாமல் முன்பக்கம் வந்து, இது என்ன பழக்கம் என்று கடைக்காரம்மாவிடம் கேட்டேன்.

"எல்லாத்தையும் வீட்ல போடறதுக்கு முன்னாடியே கடைசி வரைக்கும் பாத்துடுவார்மா, இது ரெண்டாந்தடவை. யாராவது நோய்ல செத்துட்டா இது வேண்டாம்னு வேற நாடகம் தேடுவார். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, பல் பிடுங்க வந்தவரை எக்ஸ்ரே அறைக்கு அனுப்பி டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நான் ஜெயித்தது எதுவும் ஜெயமே இல்லை. சாகிறவர்களையெல்லாம் அவர் கடையிலேயே வடிகட்டி நிறுத்திவிட்டு, பிழைக்கிறவர்களை மட்டும் வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறார். அந்தப் பொய்க் கணக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்கேனுக்குப் போக இருந்தேன் என்று நினைக்க நினைக்க ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன். வேலைக்கு நடுவில் சும்மா ஓடவிட்டது என்று முதலில் இழுத்தார். கடைக்காரம்மா சொல்லிவிட்டார் என்றதும் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். செத்துப் போகிறவர்களைக் காட்டாமல் மறைத்தது கிடக்கட்டும், பிழைப்பாள் என்று தெரிந்துகொண்டே எதற்குத் தினமும் பிழைக்க மாட்டாள் என்று சொல்லி என் உயிரை வாங்கினீர்கள் என்று கத்தினேன்.

"நீ 'சாக மாட்டா'ன்னு சொல்லணும்னுதான்" என்றார். "ஊசி போட்டுட்டு வந்த நாள்ல எல்லாம் நீ வாயே தொறக்கல. அதைச் சொல்றப்போ மட்டும்தான் உனக்குப் பழைய குரல் வரும்."

எனக்குள் கோபம் இருந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு வருஷமாக உள்ளே ஓடிய கணக்கை அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, "இப்ப அதுவும் போச்சு. இந்தத் தடவை நான் சொல்றேன் கேளுங்க. ஸ்கேன் நல்லா வராது" என்றேன்.

"வரும்" என்றார். அதற்கு முன் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"அதையும் கடைசி வரைக்கும் பாத்துட்டீங்களோ?"

"பாக்க வழி இருந்தா பாத்திருக்க மாட்டேனா? இது எனக்குத் தெரியல. பயந்து சாகறேன். ஆனா நல்லாத்தான் வரும்."

பயமாக இருக்கிறது என்பதை ஒரே கட்டிலில் படுத்து எழுந்துகொண்டு ஒரு வருஷமாக இரண்டு பேருமே சொல்லவில்லை. கதாநாயகிகளுக்கு வைக்க நினைத்த குட்டை முதலில் எங்கள் இரண்டு தலைக்கும் வைக்க வேண்டும். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாளிலிருந்து இரண்டு பேரும் பார்த்திராத நாடகமாகத் தேடிப் பிடித்தோம். அதில் நாயகியின் அக்கா படுத்த படுக்கை. சாக மாட்டாள் என்று நான் அடித்துச் சொன்னேன். நாலாவது எபிசோடில் செத்துவிட்டாள். அவர் ரிமோட்டைத் தேடித் தாவினார். நான் முந்திக்கொண்டு ரிமோட்டை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். நன்றாக அழுதேன். அழுது முடித்ததும், மூச்சு வாங்குகிறவள் இத்தனை நீள வசனமா பேசுவாள் என்று எழுதினவனைத் திட்டினேன். எனக்குப் பசித்தது, சாப்பிட்டேன், படுத்ததும் தூங்கினேன். அவள் செத்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பாத்திரங்களை நான்தான் கழுவினேன்.

ஸ்கேன் முடிவு சொல்கிற அன்று டாக்டர் தன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பழக்கதோஷத்தில் நான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அங்கே எந்த முடிவும் இல்லை. எனக்குத் தெரியாதது அவருக்கும் தெரியவில்லை. என்ன வரப்போகிறது என்று தெரியாமல் ஒரு மனுஷர் எனக்குச் சரிக்குச் சமமாகப் பயந்துகொண்டு, என் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். இப்படிப் பக்கத்தில் ஒருத்தர் இருப்பது எவ்வளவு பெரிய தெம்பு என்று அப்போது தெரிந்தது.

எங்கேயும் ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார் டாக்டர். வீட்டுக்காரர் உடைந்து அழுதார். மூக்கு ஒழுக, தோள் குலுங்க, எந்த நாடகத்து நாயகனும் அழாத மாதிரி கண்றாவியாக அழுதார். டாக்டர் டிஷ்யூப் பெட்டியை என்னைத் தாண்டி அவர் பக்கம் நகர்த்தினார்.

நான் அவர் மடியிலிருந்து கைப்பையை எடுத்துக்கொண்டேன். "இந்தத் தடவை நீங்க ஜெயிச்சுட்டீங்க" என்றேன்.