பதினாலு வோல்ட்

வண்டியின் பற்றறி கழற்றித் தரையில் கிடந்தது. பொருத்தவேண்டிய என்ஜின் கூரைச் சங்கிலியில் தொங்கியது. ஆனாலும் பிக்கப்பின் இரண்டு முன்விளக்குகளும் பளீரென்று எரிந்துகொண்டிருந்தன. டனிஸ்ரன் குறட்டோடு வண்டிக்கடியில் புகுந்து, அகப்பட்ட வயரையெல்லாம் வெட்டித் தள்ளினான். வெட்ட வெட்ட வெளிச்சம் கூடியது. சாப்பாட்டுப் பெட்டியோடு வாசலில் நின்ற அவன் மனைவி றொஷினி, “இஞ்சருங்கோ, இப்ப போனில ஆரோட கதைச்சனீங்கள்?” என்று கேட்டாள்.

“அந்த அன்டனோடதான்.”

வலப்பக்கத்து விளக்கு வெடித்துச் சிதறியது.

ஒவ்வொரு ஆவணியிலும் மடு மாதாவின் சொரூபத்தைச் சுமந்து தெருவைச் சுற்றிவருவது இந்தப் பழைய பிக்கப்தான். வண்டி டனிஸ்ரனுடையது, பெற்றோல் அவனுடையது, உழைப்பும் அவனுடையது. அலங்கார பல்ப், ஒலிபெருக்கி, பாதருக்கு ஒரு மின்விசிறி என்று வருடத்துக்கு ஒன்றாக வயர் இழுத்தது மட்டும் மற்றவர்கள். அதற்கு முந்திய வருடம் செபமாலைக்கு நடுவில் புகை கிளம்பி என்ஜின் கருகியது. பூசை முடிந்து சனம் முழுக்கத் தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்க, விழாக்குழுத் தலைவர் அன்டன் சொன்னார்: “டனிஸ்ரன் வயர் இழுத்தால் இடியப்பம் பிழிஞ்ச மாதிரி. எரியாமல் என்ன செய்யும்?” எல்லோரும் சிரித்தார்கள். பன்னிரண்டு வருடம் ஓசியில் ஏறிப்போன மாதாவுக்காக ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் ஓரத்தில், புவாண்ட்-கிளேர் கிடங்குகளுக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த கராஜில், வேறு என்ஜின் மாற்றுவதற்காகப் பழைய வயர்களை உரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒலிபெருக்கிக்குப் போன இணைப்பை யாரோ கறுப்பு ஒட்டு ரேப் சுற்றாமல், மந்திரித்த மெழுகுதிரியை உருக்கி ஊற்றி மூடியிருந்தார்கள். ஆவணி வெயிலில் மெழுகு இளகி, வயரோடு வயர் முட்டியிருக்கிறது. அந்த ஒலிபெருக்கியைப் பூட்டியது அன்டன். அதைத்தான் டனிஸ்ரன் போனில் கேட்டான். “மாதான்ர மெழுகு எரிக்காது, தம்பி. உன்ர வேலைதான்” என்றுவிட்டு அன்டன் போனை வைத்தார். விளக்குகள் எரியத் தொடங்கியது அப்போதுதான்.

றொஷினி வோல்ட் மீற்றரை எடுத்து அளந்து பார்த்தாள். அவன் சோறு சாப்பிடும்போது ஒன்றுமில்லை. கோயில் கதை எடுத்தால் ஒன்பது வோல்ட். அன்டனின் பெயருக்குப் பதினாலு. ஓடுகிற வண்டி காட்டவேண்டிய அளவு அதுதான் என்பதால் அவள் மீற்றரைத் துடைத்து உறையில் போட்டாள்.

புது என்ஜினின் கம்பியூட்டருக்கும் பழைய வண்டிக்கும் கடைசிவரை ஒத்துவரவில்லை. ஞாயிறு பவனிக்கு வண்டி வராவிட்டால் அன்டன் சொன்னதே சனத்தின் வாயில் நிலைத்துவிடும். என்ஜினை இறக்கிப் பூட்டினான். ஒரு வயரும் மாட்ட நேரமில்லை. ஞாயிறு காலை, “இடியப்பம் எண்டவன்” என்று பல்லைக் கடித்துக் கதவை அறைந்தான். என்ஜின் உறுமியது.

பவனியில் சாரதிக்குப் பக்கத்தில் தலைவர் உட்காருவது வழக்கம். பாதித் தெருவில் யோசெப்பின் அன்ரி ஜன்னலருகே வந்து, “பாவம் பிள்ளை, எவ்வளவு பாடுபட்டனீ” என்று அவன் தோளைத் தடவினாள். டனிஸ்ரனின் கண் கலங்கியது. விளக்குகள் மங்கின, சொரூபம் நடுத்தெருவில் நின்றது. கூட நடந்துவந்த றொஷினி அன்டனைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார். “மெழுகு நல்ல மெழுகு, தம்பி. இணைப்புத்தான் இடியப்பம்.” வண்டி பாய்ந்த பாய்ச்சலில் முன்னால் போன பொலிஸ்காரர் திரும்பி, “டூஸ்மோ, மெஸ்யூ” என்று, மெதுவாக ஓட்டும்படி கையைத் தாழ்த்திக் காட்டினார்.

அதன்பிறகு மூன்று திருவிழா போய்விட்டது. என்ஜினுக்கு இன்னும் வயர் மாட்டவில்லை. யாரும் அதைப் பெரிதாகக் கதைப்பதுமில்லை. வண்டி ஏன் ஓடுகிறதென்று சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அன்டன் மட்டும் வருடாவருடம் மெலிந்துகொண்டு போகிறார். வெட்கமில்லாத மனுசன் என்று டனிஸ்ரன் இன்றைக்கும் குமுறுகிறான்.

வயரில்லாமல் ஓடிய அந்த முதல் வருடம், திருவிழாவுக்கு முந்திய வியாழக்கிழமை, அவன் கராஜில் நின்ற நேரம், நோத்ர-டாம்-த-கிரேஸில் அவர்கள் குடியிருந்த அப்பார்ட்மென்டுக்கு ஒரு பட்டர் கேக்கோடு வந்து, மெழுகு ஊற்றியது தான்தான் என்று அழுதவர் அன்டன். பூசையில் எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். றொஷினி கேக்கை வாங்கி வைத்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

“மன்னிப்பு என்னட்ட இருக்கட்டும், அண்ணை. வண்டி ஓடுமட்டும் அவரிட்டக் கேட்டுப்போடாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை என்னெண்டு ஏசவேணுமெண்டு நான் சொல்லித்தாறன்.”