எதிர்த்தரப்பு

பேக்கிங் பிரிவிலிருந்து வந்த பெண், மேடிட்ட வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "பிரசவம் முடிஞ்சு வந்தா என் வேலை எனக்கே இருக்குமாக்கா?" என்று கேட்டபோது, மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவளுக்குப் பதில் தெரியவில்லை. பிஸ்கட் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் பல வருஷமாக இருக்கிறவள். "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்று அனுப்பினாள். அன்று முழுக்க மனசே ஆறவில்லை.

மறுநாள் மேலாளரிடம் தொழிலாளர் சட்டம் படிக்க வேண்டும் என்றாள். அவர் சந்தோஷமாக ஒரு விளம்பரத்தை நீட்டினார். ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி. வம்பு வழக்கு வராமல் ஆட்களை வேலையைவிட்டு அனுப்புவது எப்படி. அவள் பார்த்து வைத்திருந்ததோ சனிக்கிழமை வகுப்பு. ஒரு வருஷப் படிப்பு, கடைசியில் பரீட்சை.

"ரெண்டு நாள்ல முடியிறதை ஏம்மா இழுக்கிறீங்க?"

"அனுப்புறதுக்கு மட்டும் படிச்சா, இருக்கிறவங்க வந்து கேட்டா என்ன சார் சொல்றது?"

அவர் பேனாவை எடுத்தார். "உங்க இஷ்டம். அங்க மதியச் சாப்பாடு தர மாட்டாங்க, பார்த்துக்குங்க" என்று அவள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் சொல்லத்தான் தயக்கம். கணவன் அதே தொழிற்சாலையில் அடுப்புப் பிரிவு. தொழிற்சங்கச் செயலாளர் வேறு. ஆபீஸ் விஷயம் வாசல்படி தாண்டக் கூடாது என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். சாப்பிடும்போது மெல்லச் சொன்னாள். அவன் கை தட்டிலேயே நின்றது.

"சனிக்கிழமை மத்தியானமா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சங்கத்துல என்னையும் அதுலதான் சேர்த்துவிட்டிருக்காங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன்."

சிரித்ததில் அவனுக்குப் புரையேறியது. அவள் தலையில் தட்டினாள்.

முதல் வகுப்பில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். பாடம் எடுத்த வக்கீலம்மா, சொல்லாமல் லீவு போட்டு வேலை இழந்தவனின் கதையைச் சொல்லி, சும்மா ஒரு விசாரணை நடத்திப் பார்க்கலாம் என்றார். சீட்டுக் குலுக்கியதில் அவளுக்குத் தொழிலாளி தரப்பு, அவனுக்கு நிர்வாகம். முதலில் நெளிந்தான். போகப் போகச் சூடு பிடித்துவிட்டது. "ஆளாளுக்கு நினைச்சப்ப நின்னுட்டா கம்பெனியை யாருங்க நடத்துறது?" என்று மேசையைத் தட்டினான்.

"ஏன் வரலைன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் அவள். தீர்ப்பு அவள் பக்கம் போனது. வகுப்பு கலைந்ததும் வக்கீலம்மாவிடம் பேக்கிங் பெண்ணின் கேள்வியைக் கேட்டாள். பிரசவ லீவில் இருப்பவளை வேலையைவிட்டு நீக்கச் சட்டம் விடாது என்று நல்ல பதிலாகவே கிடைத்தது. திங்கட்கிழமை எப்போது வரும் என்றிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவன் கம்பியைப் பிடித்து நின்றபடி நிர்வாகத்துக்காக இன்னும் வாதாடிக்கொண்டிருந்தான். "ஒரு போனாவது பண்ணியிருக்கலாம்ல அவன்?" அவளும் விடவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைத் திருப்பித் திருப்பி இருவரையும் பார்த்துக்கொண்டு வந்தார். ஜன்னலுக்கு வெளியே அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வெயிலில் மெல்லப் பின்னால் போனது.